பதினொரு நோட்டு உயரம்

இறைவன் துணை

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே நான், உன் அத்தான், சின்னவள் மூவரும் நலம். நீயும் உன் மனைவியும் நலமாக இருக்க வேண்டும் என்று காலையில் கும்பிடும்போது இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பிலிருந்து நேராக நீட்ட முடியாத உன் இடது முழங்கை இந்தக் குளிருக்கு எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாயா, இல்லை அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாயா?

ஒரு செய்தி. சின்னவள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் புதுக் கட்டடம் எழும்புகிறது. பன்னிரண்டு வகுப்பறை, நீள நடைபாதை, மாடிப்படி, குழாயடி. கட்டடக் குழுவில் பெற்றோர் சார்பாக ஒருவர் வேண்டும் என்று தலைமையாசிரியை கேட்டார். கூட்டத்தில் எல்லாரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். நான் மட்டும் அவர் முகத்தைப் பார்த்துத் தொலைத்தேன். இப்போது நான் உறுப்பினர். தரைக்கு என்ன போடுவது என்ற தாளில் என் கையெழுத்து இல்லாமல் சாமான் இறங்காதாம்.

குழுத் தலைவர் ஜவுளிக்கடை முதலாளி. அவர் கடைத் தரையில் குனிந்து தலை வாரிக்கொள்ளலாம். பள்ளி முகப்பு மண்டபத்துக்கும் போன வருஷம் அதே மாதிரி போட்டுக் கொடுத்தார். புதுக் கட்டடம் முழுக்க அதுவே வேண்டும் என்கிறார். மழை பெய்த ஒரு வாரம் நான் அந்த மண்டபத்தில் உட்கார்ந்து, வழுக்கி விழுந்த பிள்ளைகளை நோட்டில் குறித்தேன். இருபத்து மூன்று. இருபத்து நான்காவது தலைவரே. விழுந்தவர் உடனே எழவில்லை. எதையோ தொலைத்தவர்போல் தரையைத் தடவிக்கொண்டிருந்தார். "என்னங்க தேடறீங்க?" என்று கேட்டேன். "பேனா மூடிம்மா" என்றார். பேனா சட்டைப்பையில் மூடியோடு இருந்தது.

நீ பத்து வருஷமாக டைல்ஸ் கம்பெனியில் விற்பனைக்காரன். பள்ளிக்கூடத்துக்கு எது தகும் என்று எழுது. போனில் சொல்லாதே. போனில் சொன்னது காற்றோடு போகும். கடிதம் என்றால் நோட்டில் ஒட்டி வைப்பேன்.

உன் நலத்தையே வேண்டும்
அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் சுகம். கை நன்றாக இருக்கிறது.

உன்னைக் குழுவில் போட்ட அந்தப் பள்ளிக்கூடத்தை நினைத்தால் பாவமாக இருக்கிறது. சின்ன வயதில் கடைக்காரர் கொடுத்த மிச்சத்தை மூன்று தரம் எண்ணிவிட்டு அவரையும் எண்ணச் சொன்னவள் நீ.

சிமெண்டுத் தரை புழுதி கிளப்பும், இரண்டு வருஷத்தில் பொத்தல் விழும். மொசைக் நல்லது, ஆனால் இழைத்து முடிக்க மாதக் கணக்காகும். ரப்பர் விரிப்பு மெத்தென்று இருக்கும், சத்தம் கேட்காது, நாற்காலிக் கால் கிழிக்கும். டைல்ஸில் பளபளப்பும் உண்டு, சொரசொரப்பும் உண்டு. நாலு மாதிரித் துண்டு பார்சலில் அனுப்புகிறேன். உனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடு.

உங்கள் பள்ளியிலிருந்து எங்கள் கம்பெனிக்கும் விலை கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. மறைக்காமல் சொல்கிறேன். இந்த ஆர்டர் கிடைத்தால் என்னைக் கிளை மேலாளர் ஆக்குவார்கள். அதற்காக நீ எதையும் மாற்றி யோசிக்க வேண்டாம்.

அத்தானுக்கு வணக்கம், சின்னவளுக்கு முத்தம்.

உன் தம்பி


இறைவன் துணை

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு. எல்லாரும் சுகம், இறைவனுக்கு நன்றி. முழங்கை எப்படி? "நன்றாக இருக்கிறது" என்று இரண்டே சொல்லில் முடிக்காதே. எதனால் நன்றாக இருக்கிறது என்றும் எழுது.

மாதிரிகள் வந்தன. பிடித்ததைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாய். புடவையா, பிடிப்பதும் பிடிக்காததும் பார்க்க? நான் செய்தது இது. பழைய கட்டில் பலகையை எடுத்தேன். ஒரு முனை தரையில். மறுமுனைக்கு அடியில் என் கணக்கு நோட்டுகள், எல்லாம் இருநூறு பக்கம், ஒரே தடிமன். பலகைமேல் டைல்ஸ் துண்டை நகராமல் கட்டி, தண்ணீர் தெளித்து, சின்னவளின் பள்ளிச் செருப்புக்குள் இரண்டு உப்புப் பொட்டலம் வைத்து நிறுத்தினேன். ஒவ்வொரு நோட்டாக அடுக்கி உயர்த்த வேண்டியது. எத்தனையாவது நோட்டில் செருப்பு வழுக்குகிறதோ அதுதான் அந்தத் தரையின் மதிப்பெண்.

தலைவர் விரும்பும் பளபளப்பு: நாலு நோட்டு. மொசைக்: ஏழு. ரப்பர் பதின்மூன்றிலும் அசையவில்லை, ஆனால் முக்காலியை இழுத்தேன், கோடு விழுந்துவிட்டது. நீ அனுப்பிய சந்தன நிறம், எண் 614, சொரசொரப்பு: பதினொன்று. நம்பாமல் மூன்று தரம் செய்தேன். பதினொன்று, பதினொன்று, பத்தரை. அரை நோட்டு எப்படி என்று கேட்காதே, நடுவில் பிரித்து வைத்தேன்.

உன் அத்தான் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இத்தனை வருஷக் கணக்கு இன்னைக்குத்தான் ஒரு செருப்பைத் தாங்குது" என்றார்.

ஒரு சிக்கலும் உண்டு. பள்ளியைக் கூட்டித் துடைக்கும் அக்காவிடம் 614-ஐக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்து, "பிள்ளைங்க விழாது, சரி. அழுக்கு இதுக்குள்ள குடும்பம் நடத்துமே, அதை யாரு வெளியே அனுப்பறது? என் முட்டியா?" என்றார். நியாயம். அதற்கு வழி காணாமல் கையெழுத்துப் போட மாட்டேன்.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு. சுகம். கை நன்றாக இருக்கிறது, ஏனென்றால் நன்றாக இருக்கிறது.

உன் பலகைக் கதையை ஆபீஸில் வாசித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். பெரிய முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "அந்தம்மாவை நம்ம பக்கம் வெச்சுக்கோ" என்றார்.

614 நல்ல சரக்கு. சொரசொரப்புத் தரைக்கு ஈரத்துணி போதாது. நீளக் கைப்பிடி வைத்த கெட்டித் தூரிகையும் தண்ணீர் தள்ளும் ரப்பர்க் கட்டையும் வேண்டும். இரண்டும் இருந்தால் குனியவே வேண்டாம். சீக்கிரம் கையெழுத்துப் போட்டுவிடு. மாதக் கடைசிக்குள் ஆர்டர் பதிவானால் எனக்கு நல்லது.

உன் தம்பி


இறைவன் துணை

ஏப்ரல் 5

அன்புள்ள தம்பிக்கு. நலம், நலமே நாடுகிறேன். கை பற்றி நீ எழுதிய வாக்கியத்துக்கு என்னிடமிருந்து பூஜ்யம்.

இன்று கையெழுத்துப் போட்டேன். உன் மாதக் கடைசி தாண்டிவிட்டது, மன்னித்துக்கொள். துடைக்கும் அக்காவும் நானும் மாதிரித் துண்டுகளைக் குழாயடியில் பதித்து, சேறு அப்பி, நீ சொன்ன தூரிகையால் நாலு நாள் தேய்த்துப் பார்த்தோம். ஐந்தாம் நாள் அவர், "சரி, இதுக்குக் குடும்பம் நடத்தத் தெரியல" என்றார். ஆறு தூரிகை, ஆறு கட்டை வாங்கித் தர வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுத வைத்தேன்.

தலைவருக்கு மனசில்லை. "திறப்பு விழாப் படத்துல தரை மங்கலா தெரியும்மா" என்றார். "பிள்ளைங்க மூஞ்சி பளிச்சுனு தெரியுங்க" என்றேன். தாளில் பெயர், நிறம், எண் 614, அளவு, பெட்டி எண்ணிக்கை எல்லாம் என் கையாலேயே எழுதிக் கீழே கோடு போட்டு மூடினேன். இடையில் இனி ஒரு எழுத்து நுழைக்க முடியாது.

ராத்திரிச் சாப்பாட்டில் உன் அத்தான் கேட்டார்: "தரைக்குப் போய் இவ்வளவு பிடிவாதமா? யாருக்காக?" குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தேன்.

அக்கா


இறைவன் துணை

மே 9

தம்பிக்கு.

ஏப்ரல் 5 கடிதத்துக்குப் பதில் இல்லை. வழக்கமாகப் பத்து நாளில் வரும்.

நேற்றுப் பெட்டிகள் வந்து இறங்கின. சந்தன நிறம். எண் 614. அளவு சரி, எண்ணிக்கை சரி. ஒன்றைப் பிரித்தேன். என் முகம் தெரிந்தது.

வீட்டுக்கு எடுத்து வந்து பலகையில் வைத்தேன். நாலு நோட்டு.

தலைவரிடம் போனேன். தாளை விரித்து வைத்துக்கொண்டு, "614 கேட்டீங்க, 614 வந்திருக்கு. சந்தனம் கேட்டீங்க, சந்தனம். கையெழுத்து உங்களுதுதானே?" என்றார். என்னுடையதுதான். எல்லாப் பத்தியும் எழுதியவள், பளபளப்பா சொரசொரப்பா என்று ஒரு சொல் எழுதவில்லை. ஒரே எண்ணில் இரண்டு விதம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லவில்லை.

தவறு என் நோட்டில் ஏறிவிட்டது. அதை நான் பார்த்துக்கொள்வேன். உன்னிடம் கேட்பது ஒன்றுதான். உனக்குத் தெரியுமா?

அக்கா


மே 13

அன்புள்ள அக்காவுக்கு. சுகம். கை நன்றாக இருக்கிறது.

ஒரே எண்ணில் இரண்டு விதமும் வரும். பெட்டியின் பக்கவாட்டில் சின்னதாக ஓர் எழுத்துக் குறி இருக்கும், அதை வைத்துத்தான் பிரிப்போம். கம்பெனியில் இது வழக்கம்.

வந்த சரக்கைத் திருப்புவது லேசில்லை. கொஞ்சம் பொறுத்துப் போ அக்கா. ஊரில் பாதிப் பள்ளிக்கூடத்தில் இந்தத் தரைதான். தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். பிள்ளைகளை ஓடாமல் நடக்கச் சொன்னால் போதும்.

உன் தம்பி


இறைவன் துணை

மே 20

தம்பிக்கு.

நான் கேட்காமலே கை நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். போன கடிதத்தில் நான் அதை விசாரிக்கவில்லை. திருப்பிப் படித்துப் பார். கேட்டதற்குத்தான் பதில் இல்லை.

மூன்று நாளாகப் பள்ளி நடைபாதையில் அந்தப் பெட்டிகளின்மேல் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் சமைத்து வைத்துவிட்டு எட்டு மணிக்கு வருவேன். பிரார்த்தனைப் புத்தகம், தண்ணீர்ச் செம்பு, பலகை, பதினொரு நோட்டு. கொத்தனார் வேலை ஓய்ந்ததும் வீட்டுக்குப் போவேன். என்னை எழுப்பாமல் ஒரு பெட்டியும் பிரிக்க முடியாது.

முதல் நாள் கொத்தனார் கெஞ்சினார். "அம்மா, எழுந்திருங்க, கலவை காயுது."

"காயட்டும்பா. கலவை காஞ்சா வேற குழைச்சுக்கலாம். பிள்ளை எலும்பை எங்க போய்க் குழைப்பே?"

அவர் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பலகையைக் காட்டினேன். தன் செருப்பையே கழற்றி வைத்தார். நாலாவது நோட்டில் அது ஓடிப்போனது. "ரெண்டு வருஷம் முன்னாடி இதே சரக்கை ஒரு ஆஸ்பத்திரி குளியலறைல பதிச்சேன்மா" என்றார். அன்றைக்கு அவர் மறுபடி கலவை குழைக்கவில்லை.

இரண்டாம் நாள் தலைவர் வந்தார். "இது பள்ளிக்கூடம்மா. கோயில் இல்ல, உட்கார்ந்து ஜபம் பண்ண."

"ஜபம் எங்க வேணா பண்ணலாங்க. நீங்கதான் இதை இங்கதான் பதிப்பேன்னு நிக்கறீங்க."

"குழுவுல இருந்து எடுத்துடுவோம்."

"எடுங்க. பெட்டி மேல உட்கார உறுப்பினரா இருக்கணும்னு விதி இல்ல."

இன்று துடைக்கும் அக்காவும் வந்து பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்தார். "முட்டிக்கு ஓய்வு கிடைச்சமாதிரியும் ஆச்சு, போராட்டம் பண்ணமாதிரியும் ஆச்சு" என்கிறார். தலைமையாசிரியை மதியம் மின்விசிறி ஒன்றை எங்கள் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார்.

பள்ளி திறக்க இரண்டு வாரமே உண்டு என்று தலைவர் பயம் காட்டுகிறார். புதுக் கட்டடம் பிந்தினால் பிள்ளைகள் பழைய கட்டடத்திலேயே படிக்கட்டும். பொத்தல் தரை தடுக்கும், கண்ணுக்குத் தெரியும், தாண்டிவிடலாம். இந்த வழுக்கல் கண்ணுக்குத் தெரியாது.

இனி ஒரே கேள்வி. பளபளப்பாக மாற்றச் சொன்னது நான் கையெழுத்துப் போட்டதற்கு முன்பா, பின்பா? ஒரு சொல் எழுது. எழுத முடியாவிட்டால் கடிதமே வேண்டாம்.

அக்கா


ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு.

பின்பு.

நீ கேட்ட ஒரு சொல் அது. ஐந்து வாரம் ஆனது அதை எழுத.

ஏப்ரல் 8-ஆம் தேதி உங்கள் தலைவர் போன் செய்தார். "எண்ணை மாத்த வேணாம், பளபளப்பு மட்டும் மாத்துங்க. அந்தம்மா எண்ணைத்தான் எழுதியிருக்காங்க" என்றார். வாய்ச்சொல் செல்லாது, எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுதி அனுப்பினார். மாற்று ஆர்டரை என் வலது கையால் நான்தான் பதிந்தேன். பதிந்துவிட்டு உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். வரவில்லை.

அவர் எழுதிய தாளின் நகலையும், உனக்கு அனுப்பிய மாதிரியின் மறுபாதியையும் உங்கள் தலைமையாசிரியைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். உனக்கு அனுப்பியது ஒன்று, மாற்றி ஏற்றியது வேறு என்று கையொப்பமிட்ட கடிதமும் உள்ளே உண்டு. எங்கள் முதலாளிக்கும் ஒரு நகல் கொடுத்தேன். பெட்டிகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு சொரசொரப்பை அனுப்ப ஒப்புக்கொண்டார்கள்.

தண்ணீர் படாமல் பார்த்துக்கொள் என்று உனக்கு எழுதினேன். அதை எழுதியவன் ஈரத் தரையில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டவன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாம் வகுப்பில் நான் விழுந்த அன்று, நம் பள்ளிக்கூடத்தில் நடைபாதை கழுவும் முறை உன் வகுப்புக்கு. கடைசி வாளியை ஊற்றியது நீ. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே ஓடி வந்தேன். ஆஸ்பத்திரியில் அம்மா கேட்டபோது "தானா வழுக்கினேன்" என்றேன். உன்னைக் காப்பாற்றுவதாக நினைப்பு. நீ அன்றிலிருந்து கடிதத்துக்குக் கடிதம் என் கையை விசாரிக்கிறாய், நான் நன்றாக இருக்கிறது என்கிறேன். இரண்டு பேரும் அந்த வாளியைப் பற்றிப் பேசியதே இல்லை.

நீ ஊற்றியது தண்ணீர்தான் அக்கா. பள்ளிக்கூடம் என்றால் தண்ணீர் கொட்டும். பிள்ளைகள் என்றால் ஓடுவார்கள். அது தெரிந்தும் அந்தத் தரையைப் போட்டவன் ஒருவன் இருந்தான். இந்தத் தடவை அவன் நானாக இருந்தேன்.

இனிக் கடிதங்களை வீட்டு விலாசத்துக்கே போடு.

உன் தம்பி


இறைவன் துணை

ஆகஸ்ட் 3

என் அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. எல்லாரும் நலம். உன் மனைவிக்கு என் அன்பைத் தனியாகச் சொல். வீட்டு விலாசத்தைக் குறித்துக்கொண்டேன். கம்பெனி விலாசத்தின்மேல் கோடு போட்டுவிட்டேன். ஏன் என்று கேட்டு உன்னை எழுத வைக்க மாட்டேன்.

உன் கடிதத்தை நோட்டில் ஒட்டவில்லை. பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் இருக்கிறது. வாளியைப் பற்றி நான் எழுத உட்கார்ந்தால் இருநூறு பக்கம் போதாது. நேரில் சொல்கிறேன். யாரிடமும் சொல்லாததை நீ அறிந்தே இருந்தாய் என்று தெரிந்த அன்று, சமையலறைத் தரையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். உன் அத்தான் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிடவா என்றார். "வேண்டாம், பாரம் இறங்குது" என்றேன்.

உன் பதிவுத் தபால் பள்ளிக்கு வரும்வரை நான் பெட்டிகளின்மேல்தான் உட்கார்ந்திருந்தேன், பிள்ளைகள் பழைய கட்டடத்தில் படித்தார்கள். ஜூலை முதல் வாரம் குழு கூடியது. தலைமையாசிரியை தலைவரின் தாளை எடுத்துப் படித்தார். அவர் எழுந்து, "பெரிய மனுஷன் ஒரு சொல் மாத்தினதுக்கு இவ்வளவா?" என்றார். நான் பலகையைத் தூக்கி மேசைமேல் வைத்தேன். "உங்க செருப்பைக் கழற்றித் தாங்க" என்றேன். தரவில்லை. "பரவாயில்லைங்க, உங்க மதிப்பெண் என் நோட்டுல ஏற்கெனவே இருக்கு. இருபத்து நாலாவது வரி" என்றேன். தலைமையாசிரியை தண்ணீர் குடிப்பதுபோல் முகத்தை மூடிக்கொண்டார். அவர் இன்னும் தலைவர்தான், நான் இன்னும் உறுப்பினர்தான். பேச்சு வார்த்தை இல்லை. அதனால் குறைவும் இல்லை.

என் தவற்றையும் அன்றே சொன்னேன். எழுதாத அந்தச் சொல்லை எல்லார் முன்னாலும் எழுதிச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

தரை பதித்தாகிவிட்டது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்றைப் பலகையில் ஏற்றிப் பார்த்த பிறகே கொத்தனாருக்குக் கொடுத்தேன். அவர் முணுமுணுக்கவில்லை. போன திங்கள் புதுக் கட்டடம் திறந்தார்கள். செவ்வாயன்று கொட்டு கொட்டென்று மழை. நான் நோட்டோடு குழாயடி ஓரம் உட்கார்ந்தேன். மணி அடித்ததும் அத்தனையும் ஓடின தம்பி, ஒன்றுகூட நடக்கவில்லை. ஒருவன் மட்டும் விழுந்தான். பின்னால் வந்தவள் சட்டையைப் பிடித்து இழுத்ததால். அது தரையின் கணக்கில் வராது, எழுதவில்லை. பக்கம் வெள்ளையாக இருக்கிறது. துடைக்கும் அக்கா நீளத் தூரிகையை ஊன்றி நின்று, "என்ன, வேலை இல்லாம உட்கார்ந்திருக்கே?" என்று கேலி செய்தார்.

இன்னொன்று. பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு ஆசிரியைகள் வீட்டுக்கு வந்தார்கள். அங்கேயும் தரை மாற்றுகிறார்களாம். பலகையைக் கொண்டுவர முடியுமா என்றார்கள். வருகிறேன் என்றேன். ஆனால் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் அந்தச் சின்ன எழுத்தைப் படிக்க எனக்குத் தெரியாது. தெரிந்தவன் இப்போது வீட்டு விலாசத்தில் இருக்கிறான்.

இருவரும் கிளம்பி வாருங்கள். மாடி அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். பலகையின் ஒரு முனையை நான் பிடிப்பேன், மறுமுனையை நீ வலது கையால் பிடித்தால் போதும்.

இடது கை எப்படி இருக்கிறது? இந்தத் தடவை உண்மையை எழுது.

உன் வரவை எதிர்பார்க்கும்
அக்கா